முதலாளிக்கு வயசு பத்து!

பெரிய பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டினால் போதும், எங்கள் திருப்புலிவனத்தில் புதுசு புதுசாக முதலாளிகள் முளைத்துவிடுவார்கள். ஒருத்தன் வேப்பங்கொட்டை பொறுக்கி எடைக்குப் போடுவான். இன்னொருத்தி பாட்டி தொடுத்த பூவைக் கூவிக் கூவி விற்பாள். யாரும் இவர்களுக்குக் கடன் மேளா நடத்துவதில்லை. மாலை போட்டு போட்டோ எடுப்பதும் இல்லை.

ஊர் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், உத்திரமேரூர் வருவதற்குச் சற்று முன்னால் இறங்கணும். வியாக்ரபுரீஸ்வரர் கோயில் இங்கேதான். அங்கே இருக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்க்க வியாழக்கிழமைகளில் வெளியூர் ஜனங்கள் வருவார்கள். கூட்டம் எங்கேயோ, கடை அங்கே! இது மட்டும் எந்தப் பாடப் புத்தகமும் படிக்காமலே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

போன கோடையில் எங்கள் தெரு அண்ணன் - தங்கை இருவர் மாங்காய்ப் பத்தைக் கடை போட்டார்கள். கவிழ்த்த பக்கெட், அதன் மேல் தட்டு, கீழே ஒரு சாக்கு. அவ்வளவுதான் ஷோரூம். அண்ணனுக்கு வயசு பத்து, தங்கைக்கு எட்டு. முதல் போட்டது பாட்டி. சுருக்குப் பையிலிருந்து நூறு ரூபாய். "அசல் சாயங்காலம் வந்துடணும்" என்ற கண்டிஷனோடு!

முதல் நாள் கணக்கை நோட்டில் எழுதியிருந்தார்கள். எனக்கும் காட்டினார்கள். மாங்காய் 80 ரூபாய். ரொக்க விற்பனை 130. கடன் 20. அதில் பத்து, பூக்கார அம்மா. மீதிப் பத்துக்கு நேராக 'சித்தப்பா - நாளைக்கு' என்று எழுதியிருந்தது. பாட்டிக்கு நூறைத் திருப்பிக் கொடுத்தது போக கையில் ஐம்பது. ஆளுக்கு இருபத்தஞ்சு. உப்பும் மிளகாய்த் தூளும் அம்மாவின் சமையல்கட்டிலிருந்து வந்ததால் அந்தச் செலவு நோட்டில் ஏறவே இல்லை. பெரிய கம்பெனிகளிலும் இப்படி ஒன்றிரண்டு விஷயம் கணக்கில் ஏறாது என்று கேள்வி.

இரண்டாவது வாரம் அடி. பெரிய கூட்டம் வரும் என்று பாட்டியைக் கெஞ்சி, அரிவாள்மனையில் காலையிலேயே அத்தனை மாங்காயையும் நறுக்கி வைத்துவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. பத்தை கறுத்துப் போச்சு. தங்கை அழுதாள். அண்ணன் அழவில்லை, நோட்டை எடுத்து 'நஷ்டம்' என்று பெரிதாக எழுதினான். அடுத்த வியாழன் பார்த்தால் தட்டில் முழு மாங்காய். ஆள் வந்தால்தான் பாட்டி கத்தியே வைப்பார். "கேட்டப்புறம் நறுக்குனா வீணாவாது மாமா" என்றான் பையன். எந்த மேனேஜ்மென்ட் காலேஜில் இதற்கு எவ்வளவு ஃபீஸ் வாங்குகிறார்களோ!

சித்தப்பாவின் பத்து ரூபாய் வந்ததா? "கேட்டா அடிக்கிற மாதிரி பாக்கறாரு" என்றாள் தங்கை.

கணக்கு என்றதும் பக்கத்து உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தலின் விதிகள் அதில் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது! குடத்திலிருந்து ஓலையை எடுப்பதற்கும் ஒரு சின்னப் பையனைத்தான் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் மேல் அந்தக் காலத்திலேயே அவ்வளவு நம்பிக்கை.

பிள்ளைகள் சம்பாதித்த கதைகளில் நம் எல்லோருக்கும் தெரிந்தது அப்துல் கலாமுடையது. 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் புளியங்கொட்டைக்குத் திடீர் கிராக்கி. எட்டு வயதுக் கலாம் பொறுக்கிக் கொண்டுபோய்க் கடையில் போட்டால் ஒரு நாளைக்கு ஓரணா கிடைக்கும். பிறகு ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தாகி, பேப்பர் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்தே வீசினார்கள். ஏஜென்ட்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு அதைப் பிடித்துக் கொடுக்கும் வேலை. அந்த முதல் சம்பளத்தின் பெருமிதம் அரை நூற்றாண்டு கழித்தும் போகவில்லை என்று சுயசரிதையில் சொல்கிறார். அமெரிக்காவில் வாரன் பஃபெட் ஆறு வயதில் தாத்தா கடையில் ஆறு கோக் பாட்டிலை 25 சென்ட்டுக்கு வாங்கி, ஒன்று ஐந்து சென்ட் என்று விற்றார். ஆறு பாட்டிலுக்கு லாபம் ஐந்து சென்ட்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் காஞ்சிபுரம் பக்கத்தில் 'பிள்ளை சம்பாதிக்குது' என்ற வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. அதைச் சொல்லாமல் மாங்காய்க் கதையோடு நிறுத்த மனசு வரவில்லை.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைப் பட்டுப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நெய்ய மூன்று நாடா ஓடவேண்டும். நெய்பவருக்கு இருப்பதோ இரண்டு கை. மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள பக்கத்தில் ஓர் ஆள் உட்காரணும். அந்த ஆள் பல வீடுகளில் பள்ளிக்கூடம் போகவேண்டிய குழந்தைதான். கல்யாணம், வைத்தியம் என்று பெற்றோர் தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவார்கள், கழிப்பது பிள்ளை. கூலியில் பிடித்தம் போகப் போக, கடன் மட்டும் அப்படியே நிற்கும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது.

எங்கள் தெருப் பையன் நஷ்டம் வந்தால் சாக்கை மடித்துக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போகலாம். தறியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது முடியாது. அந்தக் கணக்கு நோட்டும் அவன் கையில் இருக்காது.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றார்கள். கூடவே ஒரு விலக்கு: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவலாம். யூனிசெஃப், கைலாஷ் சத்யார்த்தி எல்லோரும் இந்த விலக்கைக் குறை சொன்னார்கள். காரணம் எளிது. வீட்டுக்குள்ளே 'உதவி' எத்தனை மணிக்கு முடிந்தது, வேலை எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எந்த ஆபீஸர் வந்து, எந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பார்?