குழாய் வழி உணவு: அச்சம் வேண்டாம்

நான் ஈப்போவில் தாதியாகப் பணியாற்றிய நாள்களில், தோட்டப்புறங்களிலிருந்து வந்த உறவினர்கள் அடிக்கடி கேட்ட கேள்வி இது: "நேற்றுத்தானே அறுவை நடந்தது, காற்றுகூடப் பிரியவில்லை. அதற்குள் குழாயில் சத்துப்பாலா, மிஸ்ஸி?"

உணவுக்குழாயில் புற்று கண்ட பகுதியை நீக்கியபின், பெரும்பாலும் இரைப்பையை மேலே இழுத்து மீதிக் குழாயோடு தைத்து இணைப்பார்கள். அந்தத் தையல் ஆறச் சில நாள்களாகும். அதுவரை பட்டினி போட்டால் உடல் தளரும்; காயம் ஆறுவதும் தாமதப்படும். ஆகவே பலருக்கு அறுவையின்போதே மெல்லிய குழாயொன்றைச் சிறுகுடலில் பொருத்திவிடுகிறார்கள்.

குடல் முழுவதும் ஒரே வேளையில் விழிப்பதில்லை. சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கும். இரைப்பைக்கு ஓரிரு நாள், பெருங்குடலுக்கு மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகும். காற்றுப் பிரிவது பெருங்குடல் தரும் செய்தி. அதற்குக் காத்திராமல் 24 மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாகத் தொடங்கலாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல். வயிறு உப்பினாலோ, வலித்தாலோ, வாந்தி வந்தாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

1913இல் நியூயார்க்கில் டாக்டர் பிரான்ஸ் டோரெக் மார்பைத் திறந்து இவ்வறுவையை முதன்முதல் வெற்றியாகச் செய்தார். அந்த மூதாட்டி உடலுக்கு வெளியே பொருத்திய ரப்பர் குழாய் வழியே உணவு இறக்கி, 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நம் முன்னோர் பால்மரம் சீவிய காலம் அது!

கோயில் தீர்த்தமே ஆனாலும், மருத்துவர் அனுமதிக்கும்வரை நோயாளியின் வாயில் விடாதீர்கள். நெற்றியில் திருநீறு இட்டால் போதும். வீடு திரும்பிய பிறகும் சிலருக்குப் பல வாரங்கள் குழாய் உணவு தேவைப்படும். வசதியற்ற குடும்பத்துக்கு ஒரு டின் சத்துமாவு வாங்கித் தருவதும் அன்னதானமே.