வீட்டளவில் நாய் விடுதி: எதைச் சேர்ப்பது, எதை மறுப்பது?

சந்தையில் வாங்கி வந்த ஆட்டை அனுபவமுள்ள உழவர் அன்றே பட்டியில் அடைப்பதில்லை. சில நாட்கள் தனியே கட்டி வைத்து, சளி, கழிச்சல், உண்ணி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மந்தையில் சேர்ப்பார். சென்னை மயிலாப்பூர் போன்ற பகுதிகளில் வீட்டளவில் நடைபெறும் ஓர் உபதொழிலுக்கும் இதுவே அடிப்படை விதி. வெளியூர் செல்வோரின் வளர்ப்பு நாயைச் சில நாட்கள் தம் வீட்டில் வைத்துப் பராமரித்து, நாள் கணக்கில் கட்டணம் பெறும் தொழில் அது. நகரத்தார் இதை 'போர்டிங்' என்பர்.

மாட வீதிகள், லஸ், மந்தைவெளி பகுதிகளில் பழைய தனி வீடுகள் பல, அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. கூட்டுக் குடும்பம் குறைந்து, வீட்டில் இருவர் அல்லது மூவரே உள்ளனர். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது நாயை யாரிடம் விடுவது என்ற கேள்வி எழுகிறது. சென்னையை ஒட்டிய செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் சிறு உழவர் குடும்பங்களும் இதை உபதொழிலாக எண்ணிப் பார்க்கலாம். முதலீடு குறைவு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. நம் ஆடு இறந்தால் நட்டம் நம்மோடு போகும். பிறர் வீட்டுப் பிள்ளைபோல் வளர்ந்த நாய் நம் பொறுப்பில் இறந்தால், அதைப் பணத்தால் ஈடு செய்ய முடியாது.

எத்தனை நாய்கள்?

இரண்டு அறை, பின்புறம் சிறு முற்றம் கொண்ட மயிலாப்பூர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே நேரத்தில் மூன்று நாய்களுக்கு மேல் வைப்பது முறையன்று. ஒவ்வொன்றும் நீட்டிப் படுக்கவும் தடையின்றித் திரும்பவும் தனி இடம் வேண்டும். நடுத்தர அளவுள்ள நாய்க்கு 6 அடிக்கு 4 அடி இடம் போதும். வெவ்வேறு வீட்டு நாய்களை ஒரே தட்டில் உண்ண விடுவதோ, இரவில் ஒரே அறையில் அடைப்பதோ கூடாது. பெரும்பாலான சண்டைகள் தீனியை ஒட்டியே எழுகின்றன.

அடுக்குமாடிக் குடியிருப்பில் தொடங்க விரும்புவோர், அக்கம்பக்கத்தாரின் சம்மதத்தை முதலில் எழுத்தில் பெறுவது நல்லது. சொந்த நாய் வளர்ப்பது வேறு, பிறர் நாய்களைக் கட்டணத்துக்கு வைப்பது வேறு.

மறுக்க வேண்டியவை

நாயைக் கொண்டு வருவதற்கு முன்பே அதன் தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும். "ஊசி எல்லாம் போட்டாகிவிட்டது" என்ற வாய்ச்சொல் போதாது. கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் மறுத்துவிட வேண்டும்.

1. ஆண்டுதோறும் போடும் வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியான நாய்.

2. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி. குட்டிகளுக்குப் பிறந்த 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடர்கிறது. கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்த பின்னரே சேர்க்கலாம்.

3. பருவத்தில் உள்ள பெட்டை. இப்பருவம் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். சிறிது கவனக்குறைவு ஏற்பட்டாலும் சுமார் 63 நாட்கள் கழித்து உரிமையாளர் வீட்டில் வேண்டாத குட்டிகள் பிறக்கும்.

4. இருமல், வாந்தி, கழிச்சல் உள்ள நாய். உடலில் உண்ணி ஏறிய நாய்.

5. முன்பு மனிதரைக் கடித்த நாய்.

மறுப்பதால் வருமானம் போகிறதே என்று தோன்றலாம். இதற்கான கணக்கைப் பின்னர் காண்போம்.

மூன்று பகைகள்

முதலாவது வெறிநோய் எனும் ரேபிஸ். அறிகுறி தோன்றிய பின் இதிலிருந்து பிழைப்பது மிகமிக அரிது. எனவே இத்தொழிலில் இறங்குவோர் மருத்துவரின் ஆலோசனைப்படி முன்கூட்டியே தாமும் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, புண்ணைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் இது கட்டாயம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் புண்ணில் வைக்கக் கூடாது.

இரண்டாவது பார்வோ எனும் இரத்தக் கழிச்சல் நோய். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்நோய், 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டறியப்பட்டது. இதன் நச்சுயிரி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்ப முடியாது. நோயுற்ற நாய் இருந்த தரையைச் சோப்பு நீரால் கழுவிய பின், ஒரு லிட்டர் நீருக்கு 7 கிராம் வீதம் புதிய பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அந்நேரம் நாய்களை அப்புறப்படுத்துவது அவசியம். மண் தரையை இவ்வாறு முழுமையாகத் தூய்மை செய்ய இயலாது. ஆகவே நாய் தங்கும் இடம் சிமெண்டுத் தரையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது உண்ணி. நாயின் உடலிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில் ஒளிந்து முட்டையிடும். ஒரு நாயோடு வந்த உண்ணி அடுத்த மாதம் வரும் நாய்க்கும் ஏறி, இரத்த அணுக்களைத் தாக்கும் காய்ச்சலைப் பரப்பும். வெடிப்புகளைப் பூசி அடைப்பதும், வாயிலிலேயே காது மடல், கால்விரல் இடுக்கு, வாலடி ஆகியவற்றை விரலால் தடவிப் பார்ப்பதும் இதற்கு வழி. மாடு, ஆட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தை அளவறியாமல் நாய்க்குப் பயன்படுத்தக் கூடாது.

முதல் மூன்று நாட்கள்

புது இடம் வந்த நாய் முதல் நாள் தீனி எடுக்காமல் வாயிற்படியையே பார்த்துக் கிடப்பது உண்டு. நீர் அருந்தி, சிறுநீர் கழித்து, நடமாட்டம் சரியாக இருந்தால் ஒரு நாள் பட்டினியால் வளர்ந்த நாய்க்குப் பொதுவாகக் கேடில்லை. இரண்டாம் நாளும் தீனியைத் தொடாவிட்டால் மருத்துவரைக் கேட்க வேண்டும். உரிமையாளர் உடுத்திய பழைய துணி ஒன்றைப் படுக்கையில் போட்டால், பழகிய வாடையால் நாய் அமைதி பெறும்.

தப்பி ஓடும் அபாயமும் இந்நாட்களில்தான் மிகுதி. பால்காரருக்குக் கதவு திறக்கும் நொடியே போதும்; பழைய வீட்டைத் தேடி, வண்டி நெரிசல் மிகுந்த சாலையில் நாய் பாய்ந்துவிடும். வாயிலுக்கு இரட்டைக் கதவு வேண்டும். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கப்பட வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போன்ற நம் நாட்டு வேட்டை இனங்கள் தாழ்ந்த சுவரை எளிதில் தாண்டும். இவற்றுக்கு 6 அடிக்குக் குறையாத சுவர் தேவை. கழுத்துப்பட்டையில் விடுதியின் தொலைபேசி எண் தொங்க வேண்டும்.

தீனி

வீட்டில் உண்ட தீனியையே, அதே வேளையில், அதே அளவில் தர வேண்டும். திடீரென்று மாற்றினால் கழிச்சல் உண்டாகும். உரிமையாளரே தீனியைக் கொண்டு வந்து கொடுப்பது சிறந்தது. வெங்காயம், பூண்டு சேர்ந்த சாம்பார் சாதம், திராட்சை போட்ட பாயசம், சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவை ஆகா. வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அன்பு மிகுதியால் வீட்டுக் குழந்தைகள் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலும் மழையும் வேட்டும்

சென்னைக் கோடையில் வெயிலோடு கடற்கரைப் புழுக்கமும் சேர்கிறது. நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான் சூட்டைத் தணிக்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் அரிது. குளிர்சாதன வசதியில்லாத வீட்டில் இவற்றை மே மாதத்தில் ஏற்கக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. நிழலுக்குக் கொண்டு சென்று உடல் முழுதும் நீர் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் எலிக் காய்ச்சல் அபாயம் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் வழியாக நாய்க்கும் மனிதருக்கும் இது பரவும். 2015, 2023 ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களை நினைவில் கொண்டு, நாய்களை மேல்தளத்துக்கு ஏற்றும் ஏற்பாட்டை முன்பே செய்து வைக்க வேண்டும். தீபாவளி வேட்டுச் சத்தத்திலும், பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாக் கூட்டத்திலும் நாய்களை வெளியே நடத்திச் செல்லாமல் உள்ளறையில் வைப்பதே பாதுகாப்பு.

சட்டமும் எழுத்தும்

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-ன் கீழ் 2017-ல் வெளியான நாய் இனப்பெருக்க விற்பனை விதிகள், கட்டணத்துக்கு நாய்களை வைத்திருப்போரையும் உள்ளடக்கியவை. ஆகவே தொடங்கும் முன் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பற்றி விசாரித்து முறைப்படி பெற வேண்டும். சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. வரும் நாயின் உரிமத்தைப் பார்த்து நகல் வாங்கி வைப்பது நல்லது.

உரிமையாளரோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். அவசர எண், வழக்கமான மருத்துவர், தற்போது தரும் மருந்து, நோயுற்றால் சிகிச்சைக்குச் சம்மதம், செலவு யாருடையது, குறித்த நாளில் திரும்பாவிட்டால் என்ன செய்வது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அருகிலுள்ள மருத்துவர் கிடைக்காத வேளையில், வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் செல்லும் வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

வரவு செலவு

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக நாளொன்றுக்கு ஒரு நாய்க்கு ரூ.500 என்று கொள்வோம். பண்டிகைகளை ஒட்டி 20 நாட்களுக்கு மூன்று நாய்கள், கோடையில் 30 நாட்களுக்கு இரண்டு நாய்கள் என்றால், ஆண்டுக்கு 120 நாய் நாட்கள், வரவு ரூ.60,000. துப்புரவு, மின்சாரம் முதலியவற்றுக்கு நாளொன்றுக்கு ரூ.150 வீதம் ரூ.18,000 போக, ரூ.42,000 நிற்கும். அவசரத்துக்கென ரூ.6,000 ஒதுக்கினால் மீதி ரூ.36,000, அதாவது மாதம் சராசரி ரூ.3,000. இது குடும்பத்தைத் தாங்கும் தொழிலன்று, கைகொடுக்கும் உபதொழில்.

இப்போது மறுப்பின் கணக்கைப் பார்ப்போம். ஐந்து நாட்களுக்கு வரும் ஒரு நாயை மறுத்தால் இழப்பு ரூ.2,500. நோயுள்ள அந்த நாயைச் சேர்த்து, கோடையில் விடுதியை மூட நேர்ந்தால் 60 நாய் நாட்களின் வரவான ரூ.30,000 போகும். மற்ற நாய்களின் உயிரும், ஊரில் பெற்ற நற்பெயரும் இக்கணக்கில் சேரவில்லை.

கிராமத்தில் செய்வோர் கவனத்திற்கு

தோட்டமுள்ள உழவருக்கு இட வசதி மிகுதி, ஆபத்துகளும் மிகுதி. ஆமணக்குப் புண்ணாக்கை நாய்கள் விரும்பி உண்ணும். அதன் நஞ்சு உயிரைப் பறிக்கும். எலி மருந்து, குருணை மருந்து, உரமூட்டை இருக்கும் அறை எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். நகரத்து நாய் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் கண்டிராதது, துரத்திக் கடிக்கும். ஆகவே பட்டியும் நாய் தங்குமிடமும் தனித்தனி வேலிக்குள் இருப்பது அவசியம். ஆடு அறுத்த கழிவைப் பச்சையாக எந்த நாய்க்கும் போடக் கூடாது. அதிலுள்ள கட்டிகள் வழியே நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை மீண்டும் ஆட்டுக்கும் மனிதருக்கும் பரவி, ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும்.

தொடங்க விரும்புவோர் முதல் ஆண்டில் ஒரே ஒரு நாயோடு, தெரிந்தவர் வீட்டு நாயோடு தொடங்கலாம். கால்நடை மருத்துவரையோ, மாவட்டத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம். ஒப்படைத்த அன்று இருந்த எடையும் சுறுசுறுப்பும் குறையாமல் நாயைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த பொங்கலுக்கு அவர்களே தேடி வருவர். அப்போதும் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.