தச்சுப் பட்டறையில் பிறந்த 'ஹார்மனி'

'ஹார்மனி' என்றதும் பாடகர் குழுவும் பியானோவும் நினைவுக்கு வரும். ஆனால் அதன் கிரேக்க மூலமான 'ஹார்மோனியா' தச்சர்கள் புழங்கிய சொல். இரண்டு மரங்களைப் பிரியாமல் பிணைக்கும் பொருத்துக்கு அந்தப் பெயர்.

ஹோமரின் 'ஒடிசி'யில், கலிப்சோவின் தீவில் சிக்கிய ஒடிசியஸ் ஊர் திரும்ப ஒரு தெப்பம் கட்டுகிறான். இருபது மரங்களை வெட்டி, செதுக்கி, துளையிட்டு, முளைகளாலும் 'ஹார்மோனியா'க்களாலும் இறுக்குகிறான்.

கிரேக்கக் கப்பல் தச்சர்களின் கைத்திறனை இன்றும் பார்க்கலாம். சைப்ரஸின் கிரேனியா கடலடியில் 1965இல் கண்டுபிடிக்கப்பட்ட வணிகக் கப்பல் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஒரு பலகையின் விளிம்பில் பள்ளம். அதற்கு நேராக அடுத்த பலகையிலும் பள்ளம். இரண்டிலும் பாதிப் பாதியாக ஒரு மரநாக்கைச் செருகி, குறுக்கே துளை போட்டு முளை அடித்திருக்கிறார்கள். அலை எந்தப் பக்கம் இழுத்தாலும் பலகைகள் எளிதில் விலகாது.

இழுவிசை இல்லாத இடத்தில் பொருத்துக்கே வேலையில்லை. கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிடஸ் ஹார்மோனியாவுக்கு உதாரணம் தேடியபோது வில்லையும் யாழையும்தான் எடுத்தார். இரண்டுமே எதிரெதிர் இழுப்பில் நிற்பவை. புராணத்திலும் ஹார்மோனியா என்ற தேவதை போர்க்கடவுள் ஏரிஸுக்கும் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிக்கும் பிறந்த மகள். எல்லாரும் ஒரே மாதிரி ஆவதுதான் இணக்கம் என்று நினைப்பவர்கள் இந்தப் பெற்றோரைக் கவனிக்க வேண்டும்.

சொல் இசைக்குள் வந்தபோதும் தச்சு வாசனை போகவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தத்துவஞானி ஃபிலோலாஸ், ச முதல் மேல் ச வரையிலான முழு அளவையே ஹார்மோனியா என்றார். ச–ம இடைவெளிக்குத் தந்தி நீள விகிதம் 4:3. ம–மேல் ச இடைவெளிக்கு 3:2. இரண்டையும் ஒட்டினால் இம்மி பிசகாமல் 2:1 வரும். பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது என்ற இன்றைய பொருள், ஐரோப்பாவில் பலகுரல் இசை வளர்ந்த பிறகு வந்தது.

1842இல் பாரிஸில் அலெக்சாண்டர் டெபெய்ன் தன் காற்றுப் பெட்டிக்கு 'ஹார்மோனியம்' என்று பெயரிட்டுக் காப்புரிமை பெற்றார். இந்தியா அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து வாசிக்கும் பெட்டியாக மாற்றிக்கொண்டது. கட்டைக்குக் கட்டை சுரம் நிலையாக நிற்பதால் அதில் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகத்துக்கு வழியில்லை என்பது சங்கீதக்காரர்களின் பெருங்குறை. அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் தளர்த்தத் தொடங்கியது. அந்த ஆண்டுகளிலும் தமிழ்நாட்டில் 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இசை நாடக மேடைகளில் ஆர்மோனியக்காரரே பின்பாட்டுப் பாடி நடிகர்களுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தார்.