பிட்காயின் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்றீங்களா? அப்டேட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



நம்ம மணிமுத்தாறு அணையோட உச்ச நீர்மட்டம் 118 அடி. இன்னைக்கு எத்தனை அடி தண்ணி நிக்குதுன்னு தெரியணும்னா ரெண்டு வழி இருக்கு. பேப்பர்ல வர்ற நீர்மட்டப் பட்டியலைப் பார்க்கலாம். இல்லைன்னா அணைக்கே போய் அளவைப் பார்க்கலாம். கிரிப்டோவும் இப்படித்தான். எக்ஸ்சேஞ்ச் ஆப்ல தெரியிற பேலன்ஸ், இன்னொருத்தர் உங்களுக்குச் சொல்ற கணக்கு. உங்க கம்ப்யூட்டர்லயே பிளாக்செயின் சாஃப்ட்வேரை ஓட்டினா, அளவை நீங்களே பார்க்கிறீங்க.

"ஆப்தான் இருக்கே, இது எதுக்கு?"ன்னு கேட்கலாம். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் இருந்து சுமார் 23 கோடி டாலர், அதாவது கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் திருடு போச்சு. திருடு போன காயினுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவங்க கணக்கும் சேர்ந்து முடங்கிச்சு. 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வச்சிருந்த ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோவும் ஒரு சொத்துதான்னு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சொன்னது 2025 அக்டோபரில். திருட்டு நடந்து 15 மாசம் கழிச்சு!

இதைப் பார்த்துட்டுத்தான் பலர் காயினைச் சொந்த வாலட்டுக்கு மாத்துறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அங்கே பேங்க் மேனேஜரும் நீங்கதான், வாட்ச்மேனும் நீங்கதான். அதனால எதை, எங்கிருந்து இன்ஸ்டால் பண்றீங்க, எப்படி அப்டேட் பண்றீங்கங்கிறதுலதான் உங்க பணமே இருக்கு.

முதல்ல, எது வேணும்?

பிட்காயின் கோர் ஒரு முழு நோட். 2009 ஜனவரியில் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நடந்த எல்லாப் பரிவர்த்தனையையும் இறக்கி, ஒவ்வொண்ணையும் தானே சரிபார்க்கும். எலெக்ட்ரம் மாதிரியானது லைட் வாலட். அது வேற சர்வர்கள் கிட்ட கேட்டுச் சொல்லும். சில நிமிஷத்துல ரெடி.

முழு நோட்னா டேட்டா சுமார் 700 ஜிபி. தினம் 2 ஜிபி மொபைல் பேக்ல இறக்கினா 350 நாள் ஆகும்! ஃபைபர் இணைப்பும் 1 டெராபைட் எஸ்எஸ்டியும் இருந்தா மட்டும் இறங்குங்க. டிஸ்க்ல இடம் இல்லைன்னா புரூனிங் வசதியை ஆன் பண்ணலாம். பழைய டேட்டாவைச் சரிபார்த்ததும் அழிச்சிடும். ஆனா டவுன்லோட் என்னவோ முழுசாத்தான் நடக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம பக்கம் கரண்ட் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஓடிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு மெஷின் அணைஞ்சா டேட்டாபேஸ் கெட்டுப் போகலாம். மறுபடி முதல்ல இருந்து சரிபார்க்க வேண்டி வரும். லேப்டாப்போ யூபிஎஸ்ஸோ அவசியம். ஆபீஸ் லேப்டாப் மட்டும் வேண்டவே வேண்டாம். வேலையை விடுற அன்னைக்கு அதைத் திருப்பிக் கொடுக்கணும்.

இன்ஸ்டால் பண்ணும்போது

1. கூகுள்ல தேடி முதல்ல வர்ற விளம்பரத்தைக் கிளிக் பண்ணாதீங்க. அதிகாரப்பூர்வ தளத்தோட முகவரியை நீங்களே டைப் பண்ணி புக்மார்க் பண்ணுங்க.

2. ஃபைலை இறக்கினதும் ஹாஷ் சரிபாருங்க. அது அந்த ஃபைலோட கைரேகை மாதிரி. 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை. விண்டோஸ்லயே இருக்கிற செர்ட்யூட்டில் கட்டளை அதைக் கணக்குப் போட்டுத் தரும். தளத்துல போட்டிருக்கிறதோட ஒரு எழுத்து மாறினாலும் ஃபைலை அழிச்சிடுங்க.

3. தளத்தையே யாராவது ஹேக் பண்ணியிருந்தா ஹாஷையும் மாத்தியிருப்பாங்க இல்லையா? அதுக்குத்தான் டெவலப்பர்களோட டிஜிட்டல் கையெழுத்து. அரை மணி நேரம் செலவு பண்ணி அதையும் சரிபார்க்கக் கத்துக்கங்க.

4. நிஜப் பணத்தைத் தொடுறதுக்கு முன்னாடி டெஸ்ட்நெட்ல பழகுங்க. அங்கே இருக்கிற காயினுக்கு மதிப்பு கிடையாது. தப்பு பண்ணாலும் நஷ்டம் இல்லை.

அப்டேட்: திருடன் வர்ற வாசல்

2018 டிசம்பரில் எலெக்ட்ரம் வாலட்ல நடந்ததைக் கேளுங்க. அந்த சர்வர்களை யார் வேணாலும் நடத்தலாம். திருடங்க தாங்களே சர்வர்களை இறக்கிவிட்டாங்க. பழைய வெர்ஷன் வச்சிருந்தவங்க பணம் அனுப்பும்போது, "உடனே அப்டேட் பண்ணுங்க"ன்னு வாலட்டுக்குள்ளேயே ஒரு மெசேஜ், கூடவே ஒரு லிங்க். நம்பி இறக்கினவங்க பணம் காலி. முதல் சில நாட்கள்லயே போனது 200 பிட்காயினுக்கும் மேல.

அதுக்காக அப்டேட்டே பண்ணாம இருக்கவும் முடியாது. அதே 2018 செப்டம்பரில், இல்லாத பிட்காயினை உருவாக்க வழிவிடுற ஒரு ஓட்டை பிட்காயின் கோர்ல கண்டுபிடிக்கப்பட்டு, 0.16.3 வெர்ஷன்ல அடைக்கப்பட்டது. அன்னைக்கு அப்டேட் பண்ணித்தான் ஆகணும்.

பிட்காயின் கோர் தானா அப்டேட் ஆகாது. வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க. அதனால இந்த வரிசையை எழுதி வச்சுக்கங்க:

1. மெசேஜ், மெயில், டெலிகிராம் லிங்க் எதையும் தொடாம, உங்க புக்மார்க் வழியா மட்டும் போங்க.

2. புது வெர்ஷனோட குறிப்பை முழுசாப் படிங்க.

3. வாலட் ஃபைலை ரெண்டு பென் டிரைவ்ல பேக்கப் எடுங்க. 30.0, 30.1 வெர்ஷன்கள்ல பழைய வாலட்டைப் புது வகைக்கு மாத்தும்போது, அபூர்வமா வாலட் ஃபைல்களே அழிஞ்சிடலாம்னு 2026 ஜனவரியில் டெவலப்பர்களே எச்சரிச்சாங்க. பேக்கப் இருந்தா தப்பிச்சோம்.

4. பழைய சாஃப்ட்வேரை மூடுங்க. "மூடப்படுகிறது" விண்டோ தானா மறையிற வரைக்கும் காத்திருங்க.

5. ஹாஷ், கையெழுத்து சரிபார்த்துட்டு அதே இடத்துல இன்ஸ்டால் பண்ணுங்க. 700 ஜிபியும் மறுபடி இறக்கணுமோன்னு பயப்படாதீங்க, பழைய டேட்டா அப்படியே இருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். எலெக்ட்ரம் 12 வார்த்தை தரும். அதைப் பேப்பர்ல எழுதிப் பத்திரப்படுத்தணும். பிட்காயின் கோர் அப்படி வார்த்தை தராது. அங்கே வாலட் ஃபைலும் பாஸ்வேர்டும்தான் எல்லாம். "அப்டேட்டுக்கு உங்க 12 வார்த்தையைப் போடுங்க"ன்னு எந்த வெப்சைட்டோ ஆளோ கேட்டா, அது திருட்டு. யோசிக்கவே வேண்டாம்.

வருமானம், வரி

பிட்காயின் நோட் ஓட்டினா உங்களுக்கு ஒரு பைசா வராது. "நோட் போட்டா மாசம் இவ்வளவு"ன்னு யாராவது வந்தா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க.

சொந்த வாலட்டுக்கு மாத்திட்டா வரி இல்லைன்னும் நினைக்காதீங்க. லாபத்துக்கு 30% வரி, அதுக்கு மேல 4% செஸ். ஒரு காயின்ல வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்துல கழிக்க முடியாது. எக்ஸ்சேஞ்சை விட்டு மாத்துறதுக்கு முன்னாடி, வாங்கின தேதியும் விலையும் இருக்கிற ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி வையுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு விக்கும்போது வாங்கின விலைக்கு ஆதாரம் அதுதான்.

அப்போ உங்களுக்கு இது தேவையா?

கிரிப்டோல இருக்கிறது ஒரு மாசச் சம்பளத்துக்கும் கீழேன்னா, முழு நோட் தேவையில்லை. லைட் வாலட்டும் மேலே சொன்ன சரிபார்ப்பும் போதும். அதுக்கு மேலன்னா, முதல்ல ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டும் டேர்ம் இன்சூரன்ஸும் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அப்புறம் எஸ்எஸ்டி வாங்கலாம்.

ஏற்கெனவே வாலட் வச்சிருக்கீங்களா? இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை: பேக்கப் எங்கே இருக்குன்னு தேடி எடுங்க. பத்து நிமிஷத்துல கையில கிடைக்கலைன்னா, இந்த சனிக்கிழமை வேற வேலை வச்சுக்காதீங்க.