கண்ணாடியில் சொரசொரப்பு: விரலுக்கு உணர்வு தரும் டச் ஸ்கிரீன்

எங்கள் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் முண்டு மிளகாய் வாங்க வருபவர்கள், ஒரு கை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். நன்றாகக் காய்ந்ததா, தோல் வழுவழுப்பாக இருக்கிறதா என்பதை விரல் சொல்லிவிடும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிளகாயைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நிறம் தெரியும். ஆனால் விரலுக்குக் கிடைப்பது வெறும் கண்ணாடிதான். அந்தக் கண்ணாடியையே சொரசொரப்பாக உணர வைப்பது எப்படி? ஹேப்டிக்ஸ் எனப்படும் தொடு உணர்வுத் துறையில் இது சுவையான ஆராய்ச்சி.

மொபைலில்தான் வைப்ரேஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். அது வேறு. உள்ளே இருக்கும் சிறு மோட்டார் போன் முழுவதையும் அதிர வைக்கிறது, அவ்வளவே. நாம் பார்க்கப்போவது விரலுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள உராய்வை மாற்றும் முறை. கண்ணாடியின் மேல் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் ஒன்றும், அதன் மேல் மின்காப்புப் படலம் ஒன்றும் பூசப்படுகின்றன. கடத்தும் படலத்துக்கு மாறும் மின்னழுத்தம் கொடுத்தால், அதுவும் நம் விரலும் ஒரு கெப்பாசிட்டரின் இரண்டு தகடுகள் போல ஒன்றையொன்று இழுக்கும். விரலை நகர்த்தும்போது உராய்வு கூடும். இந்த இழுப்பை வேகமாகக் கூட்டிக் குறைத்தால், மூளை அதை மேடு பள்ளமாக எடுத்துக்கொள்ளும். மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால் ஷாக் அடிக்காது. விரலை அசைக்காமல் வைத்திருந்தால் எதுவும் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மின்விளக்கு எரியும்போது பித்தளை சாக்கெட்டைத் தடவினால் ஒரு மாதிரியும், அணைத்த பின் வழுவழுப்பாகவும் இருப்பதைக் கவனித்த மாலின்கிராட் என்ற அமெரிக்கர், 1953-லேயே தன் கூட்டாளிகளுடன் சயின்ஸ் இதழில் இதுபற்றி எழுதினார். (நீங்கள் இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்!) 2010-ல் டிஸ்னி ரிசர்ச் நிறுவனம் இதே தத்துவத்தில் டெஸ்லா டச் என்ற ஸ்கிரீனைக் காட்டியது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2007-ல் வேறு வழியில் போனார்கள். கண்ணாடியை அல்ட்ராசோனிக் வேகத்தில் அதிர வைத்து உராய்வைக் குறைத்தார்கள்.

நம் சென்னையிலும் இது நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் டச் லேப், பேராசிரியர் எம். மணிவண்ணன் தலைமையில் ஐடேட் என்ற டிஸ்பிளேயை 2022-ல் அறிவித்தது. அங்கே உருவான மெர்க்கல் ஹேப்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. அசையும் பாகம் எதுவும் இல்லை. விரல் போகும் இடத்தைப் பார்த்து உராய்வை சாப்ட்வேரே மாற்றுகிறது.

என்னைப் போல சாப்ட்வேர் எழுதுபவர்களுக்கு இங்கேதான் தலைவலி. ஸ்கிரீன் ஒன்றுதான், விரல்கள் வேறு வேறு. கையைக் கழுவித் துடைத்துவிட்டு உடனே மொபைல் கண்ணாடியில் தேய்த்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு இழுக்கும். விரலில் கொஞ்சம் பவுடர் போட்டுத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஈரம் தோலை மென்மையாக்கி, கண்ணாடியில் படும் பரப்பைக் கூட்டுவதுதான் காரணம். ஆனால் அதே வியர்வை, தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையே தங்கி மின் இழுப்பை மட்டும் குறைத்துவிடும். காய்ப்பு ஏறிய விரலில் மேல்தோல் தடித்திருப்பதால் கெப்பாசிட்டர் தகடுகளின் இடைவெளி கூடி, அங்கும் இழுப்பு குறையும். ஏ.சி. அறையில் மாணவர்களின் விரல்களை வைத்து சரிசெய்த புரோகிராம், கடற்கரைப் புழுக்கத்தில் மிளகாய் ஆய்ந்த கைக்கும் உப்பளத்தில் வேலை செய்த கைக்கும் அதே உணர்வைத் தருமா? பார்வையற்றவர்கள் படம், வரைபடங்களைத் தடவி அறிய இந்த ஸ்கிரீன் வரவேண்டும் என்றால், இந்தக் கேள்விக்கு விடை கண்டே ஆகவேண்டும். விரலின் ஈரத்தை அளந்து வோல்டேஜைத் தானே திருத்திக்கொள்ளும் ஸ்கிரீன் நல்ல பி.எச்.டி. தலைப்பு என்பேன்.

பி.எச்.டி. என்றதும் செலவை நினைத்து மலைக்க வேண்டாம். நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எப். உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அது 42,000 ரூபாய். பி.இ. முடித்தவர்கள் கேட் மதிப்பெண்ணுடன் ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து, பிறகு பி.எச்.டி.க்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. விண்ணப்பிக்கும்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் மட்டும் தேடாதீர்கள். டச் லேப் இருப்பது அப்ளைடு மெக்கானிக்ஸ் அண்ட் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் துறையில்.