டேட்டாபேஸ் அட்மினை யார் பார்க்கிறாங்க?

இந்த எபிசோடை கொஞ்சம் போரடிக்கிற ஒரு டாகுமென்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். கம்பெனிகளோட ஆண்டறிக்கை இருக்கு இல்லையா, அதுக்குள்ள ஆடிட்டர் அறிக்கைனு ஒரு பகுதி வரும். ஷேர் வாங்குறவங்களே பெரும்பாலும் தாண்டிப் போயிடுற பக்கங்கள் அது. 2023-24 நிதியாண்டோட அறிக்கைகள்ல, பேர் சொன்னா உங்களுக்குத் தெரியிற பெரிய கம்பெனிகள் உட்பட பல இடத்துல கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒரு குறிப்பு இருக்கும். சாரம் இதுதான்: கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்ல ஆடிட் டிரெயில் இருக்கு, ஆனா டேட்டாபேஸ்ல நேரடியா செய்யிற மாற்றங்களுக்கு அது ஆன்ல இல்லை.

இந்தக் குறிப்பு ஏன் திடீர்னு வந்துச்சு? 2023 ஏப்ரல் 1-ல இருந்து இந்தியாவுல ஒரு விதி அமலுக்கு வந்துச்சு. கணக்குக்கு சாஃப்ட்வேர் பயன்படுத்துற எந்தக் கம்பெனியா இருந்தாலும், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோட பதிவு பண்ணணும். அந்தப் பதிவை யாரும் ஆஃப் பண்ண முடியாதபடி இருக்கணும். இதையெல்லாம் ஆடிட்டர் பார்த்து அறிக்கையில எழுதணும். அவங்க பார்க்கப் போனப்பதான் எஞ்சினியர்களுக்கு ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம் வெளியில வந்துச்சு. முன்வாசல்ல கேமரா இருக்கு, பின்வாசல்ல இல்லை.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். அந்தக் குறிப்பு இருந்தா அந்தக் கம்பெனியில மோசடி நடந்துச்சுன்னு அர்த்தம் இல்லை. நடந்திருந்தா அதைக் காட்ட அந்த இடத்துல பதிவு இருந்திருக்காதுன்னுதான் அர்த்தம்.

பின்வாசல்னா என்ன?

ஒரு இன்வாய்ஸ் 40,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவங்க ஸ்க்ரீனைத் திறந்து அதை 4,000-னு மாத்தினா, சாஃப்ட்வேர் எழுதி வச்சுக்கும்: யாரு, எப்போ, பழைய தொகை என்ன, புது தொகை என்ன. ஆனா டேட்டாபேஸ் அட்மின், அதாவது டிபிஏ, அந்த ஸ்க்ரீன் பக்கமே வரத் தேவையில்லை. நேரா டேட்டாபேஸ்ல லாகின் பண்ணி ஒரே ஒரு அப்டேட் க்வெரி அடிச்சா போதும். தொகை மாறிடும். சாஃப்ட்வேருக்கு எதுவும் தெரியாது. ஸ்க்ரீன்ல பார்த்தா அந்த இன்வாய்ஸ் பிறந்ததே 4,000 ரூபாயோடதான்னு தோணும்.

இன்னொரு வழியும் இருக்கு. நம்ம ஆப் டேட்டாபேஸோட பேசறதுக்குன்னு தனியா ஒரு யூசர் இருக்கும். அந்த பாஸ்வேர்ட் ஏதோ ஒரு கான்ஃபிக் ஃபைல்ல கிடக்கும். அதை எடுத்து ஒரு மனுஷன் லாகின் பண்ணா, டேட்டாபேஸ் லாக்ல யூசர் பேர் ஆப்போட பேராத்தான் விழும். "அட்மின் பவர் எங்க கம்பெனியில ரெண்டே பேருக்குத்தான்"னு சொல்றவங்க, அந்த ஃபைலை எத்தனை பேர் படிக்க முடியும்னும் சேர்த்து எண்ணணும்.

சாவி கையில இருக்கிறவரே எடுத்தா?

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல செர்டிஜினு ஒரு கம்பெனி. கடைகள்ல கொடுக்கிற செக்கை சரிபார்த்துச் சொல்றது அவங்க தொழில். ஒரு கடைக்காரங்க அவங்ககிட்ட புகார் சொன்னாங்க: எங்ககிட்ட செக் கொடுத்த கஸ்டமர்களுக்கெல்லாம் விளம்பர அழைப்பு வருது, உங்ககிட்ட இருந்து தகவல் கசியுதான்னு. கம்பெனி தேடிப் பார்த்துச்சு. யாரும் உள்ளே புகுந்ததுக்கான தடயமே கிடைக்கல. அப்புறம் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் விசாரிச்சப்பதான் விடை கிடைச்சுது. வெளியில இருந்து யாரும் வரவே இல்லை. அங்கேயே வேலை பார்த்த ஒரு சீனியர் டிபிஏ தகவலை எடுத்து டேட்டா புரோக்கருக்கு வித்திருந்தார். யாருக்கு எந்த டேட்டாவைப் பார்க்க அனுமதின்னு முடிவு பண்ணி அமல்படுத்துறதே அவரோட வேலைதான்.

2007 ஜூலையில இந்த விஷயம் வெளியில வந்தப்ப 23 லட்சம் பேரோட தகவல்னு சொன்னாங்க. பிறகு அது 85 லட்சம் ஆச்சு. 2008-ல அவருக்கு 4 வருஷம் 9 மாசம் சிறை. இதுல என்னை உறுத்துறது கணக்கு இல்லை. உள்ளே இருந்த எந்த அலாரமும் அடிக்கல, வெளியில இருந்து ஒரு கடைக்காரர் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு. அவர் பூட்டு எதையும் உடைக்கல. சாவி அவர்கிட்டயே இருந்துச்சு.

அப்போ லாக்கை ஆன் பண்ணிட்டா போதுமா?

போதாது. பதிவு எங்கே உட்கார்ந்திருக்குங்கிறதுதான் கேள்வி. லாக் அதே டேட்டாபேஸ்ல ஒரு டேபிள்ல இருந்தா, அந்த வரிகளையும் அதே டிபிஏ டெலீட் பண்ணலாம். போஸ்ட்கிரெஸ்ல பிஜிஆடிட்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு. நல்லா வேலை செய்யும், ஆனா அதோட செட்டிங்கை மாத்துற பவர் சூப்பர்யூசர்கிட்ட இருக்கு. ஆரக்கிள்ல சிஸ் யூசர் செய்யிறதை டேட்டாபேஸுக்கு வெளியே, சர்வரோட ஃபைல்ல எழுத வைக்கலாம். டேபிள்ல எழுதினா அவராலேயே அழிக்க முடியும்ங்கிறதுதான் காரணம். ஆனா அந்த சர்வரோட ரூட் பாஸ்வேர்டும் அதே ஆள்கிட்ட இருந்தா? திரும்ப பழைய இடத்துக்கே வந்துட்டோம்.

அதனால விதி ஒண்ணுதான்: யாரைப் பதிவு பண்றோமோ அவங்க கைக்கு எட்டாத இடத்துக்குப் பதிவு போயிடணும். நடந்த அடுத்த நொடியே வேற சர்வருக்கு, வேற டீம் பொறுப்புல இருக்கிற இடத்துக்கு. எழுதலாம், அழிக்க முடியாதுங்கிற ஸ்டோரேஜா இருந்தா இன்னும் நல்லது. எவ்வளவு நாள் வைக்கணும்? செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி, சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வச்சிருக்கணும்.

"எல்லாத்தையும் லாக் பண்ணா சர்வர் படுத்துடும்"னு சொல்வாங்க. அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால ஆப் அடிக்கிற அத்தனை க்வெரியையும் எடுக்காதீங்க. மனுஷங்க லாகின் பண்ணி அடிக்கிறதை முழுசா எடுங்க. சம்பளம், பேமென்ட், கஸ்டமர் போன் நம்பர் இருக்கிற டேபிளைத் தொட்டா எடுங்க. பெர்மிஷன் மாறினா எடுங்க. லாக் செட்டிங்கையே யாராவது தொட்டா உடனே அலாரம் அடிக்கணும்.

கதவை எப்படி வைக்கிறது?

முதல்ல பொது அக்கவுண்ட்டை நிறுத்தணும். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில ஒரே அட்மின் பாஸ்வேர்டை பதினோரு பேர் வச்சிருந்தோம், ஒரு எக்செல் ஷீட்ல. ஒரு நாள் புரொடக்ஷன்ல ஒரு கஸ்டமரோட ரீஃபண்ட் தொகை மாறியிருந்துச்சு. லாக்ல "அட்மின்"னு மட்டும் இருந்துச்சு. அந்த ராத்திரி ஷிஃப்ட்ல இருந்தவர்தான் செஞ்சிருப்பார்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. அவர் இல்லைன்னு நிரூபிக்க அவர்கிட்ட ஒண்ணுமே இல்லை. அவர்தான்னு நிரூபிக்கவும் யார்கிட்டயும் ஒண்ணும் இல்லை. ரெண்டு மாசத்துல அவரே பேப்பர் போட்டுட்டுப் போயிட்டார். அது யார் செஞ்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதனால ஒரு ஆளுக்கு ஒரு லாகின். ரெண்டாவது, நிரந்தர பவர் வேண்டாம். தேவைப்படுறப்ப கேட்டு வாங்கணும், ஒரு மணி நேரத்துல தானா போயிடணும். மூணாவது, பேங்க்ல பார்த்திருப்பீங்க, ஒருத்தர் என்ட்ரி போடுவார், இன்னொருத்தர் பாஸ் பண்ணுவார். அதே முறைதான் இங்கேயும். க்வெரியை டிக்கெட்ல எழுதுங்க, எத்தனை ரோ மாறணும்னும் எழுதுங்க, வேற ஒருத்தர் படிச்சு ஓகே சொல்லட்டும். 1 ரோ மாறணும்னு எழுதிட்டு 4,000 ரோ மாறினா, கமிட் ஆகாம திரும்பிடணும்.

சரி, ராத்திரி 2 மணிக்கு சர்வர் டவுன், ஓகே சொல்ல வேண்டியவர் தூங்குறார். அப்போ? கதவை இறுக்கிப் பூட்டிட்டா, மக்கள் ரகசியமா ஒரு பாஸ்வேர்டை எங்கேயாவது ஒளிச்சு வைப்பாங்க. அதைவிட, கண்ணாடியை உடைச்சு அடிக்கிற ஃபயர் அலாரம் மாதிரி ஒரு வழியை நீங்களே வைங்க. யார்கிட்டயும் கேட்காம உள்ளே போகலாம். ஆனா போன உடனே டீம் முழுக்க மெசேஜ் போகும், செஞ்சது எல்லாம் ரெக்கார்ட் ஆகும், மறுநாள் காலையில ஏன் போனேன்னு எழுதியாகணும்.

கடைசியா, அந்தப் பதிவை யாராவது படிக்கணும். வாரத்துக்கு அரை மணி நேரம், டிபிஏ டீம்ல இல்லாத ஒருத்தர் போதும். யாரும் படிக்காத லாக், தப்பு நடந்து முடிஞ்ச பிறகுதான் உதவும்.

"எங்களை நம்பலையா?"

இதையெல்லாம் கொண்டு வந்தா டிபிஏக்கள் முதல்ல கேட்கிற கேள்வி இது. எனக்கு அந்தக் கோபம் புரியுது. ராத்திரி பகலா சிஸ்டத்தைத் தாங்குறவங்க அவங்க. ஆனா பேங்க் கேஷியர் கவுன்ட்டருக்கு மேல கேமரா இருக்கு. சாயந்திரம் 500 ரூபாய் குறைஞ்சா, அவர் எடுக்கலைன்னு அவருக்காகப் பேசப் போறது அந்தக் கேமராதான். நேர்மையா வேலை செய்யிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு ரொம்ப அவசியம்.

நீங்க டெவலப்பரோ டிபிஏவோ, உங்க டீம்ல இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நேத்து புரொடக்ஷன் டேட்டாபேஸ்ல நேரடியா லாகின் பண்ணது யார் யாருன்னு, அவங்களைக் கேட்காமலே நம்மால சொல்ல முடியுமா? முடியாதுன்னு பதில் வந்தா, அந்தப் பொது பாஸ்வேர்டுல இருந்து ஆரம்பிங்க. உங்க இடத்துல என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, கம்பெனி பேர் வேண்டாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.