வாக்கு முதலமைச்சருக்கு, கையெழுத்து ஆளுநருக்கு

மாகாண அதிகாரம் என்றால் என்னவென்று பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிற எங்கட சனத்துக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வருசா வருசம் ஒட்டாவாவுக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று என்று இரண்டு வரிப் படிவம் நிரப்புகிறோம். பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போவதும் கியூபெக் 1977இல் தானாக இயற்றிய மொழிச் சட்டத்தால்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, எங்கட வட மாகாணத்தின் முதலாவது முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரனின் ஐந்து வருடங்களைப் பாருங்கோ.

1939இல் கொழும்பில் பிறந்தவர். சட்டத்தரணியாகி, 1979இல் நீதவானாகி, 2001இல் உயர் நீதிமன்ற நீதியரசராகி, 2004இல் ஓய்வு பெற்றார். அரசியல் பக்கமே வராதவரைச் சம்பந்தன் ஐயா தேர்தலுக்குக் கூட்டி வந்தார். 2013 செப்டம்பர் 21இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38 ஆசனங்களில் 30 கிடைத்தது. அவருக்கு மட்டும் 132,255 விருப்பு வாக்குகள்.

கதிரையில் இருந்த பிறகுதான் சிக்கல். 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. அந்நேரம் ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி. ஜப்பானிலும் ஆளுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே 47 பேரையும் சனமே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறது. பெயர் ஒன்று, கதிரை வேறு.

எங்களுக்கு நேரடியாகப் பட்ட விசயம் ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தமிழர் அனுப்பும் காசை முறையாக வாங்கிச் செலவழிக்க 'முதலமைச்சர் நிதியம்' அமைக்க மாகாண சபை முயன்றது. அந்த நியதிச்சட்டம் ஆளுநரின் ஒப்புதல் இல்லாமல் இழுபட்டது. எங்கட காசு வழமைபோல ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று தனித்தனியாகவே போனது.

எல்லாப் பழியையும் ஆளுநர் தலையில் போடவும் ஏலாது. 2017இல் அமைச்சர்கள் மீதான விசாரணையை அடுத்து அவருடைய சொந்த அணியே பிளந்தது. ஜூன் மாதம் அவருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையை உறுப்பினர்கள் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆளுநரிடந்தான்!

2018 அக்டோபர் 24இல் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணம் ஆளுநர் கையில்.

அடுத்த முதலமைச்சர் யார் என்று ஊரிலிருந்து யாரும் போனில் கதைத்தால், கடைசிக் கையெழுத்து யாருடையது என்றும் ஒருக்கால் கேளுங்கோ.